எண்ணூற்றைம்பது வாட்ஸ்

அண்ணனின் கம்ப்யூட்டர் முதன்முதலில் தானாக அணைந்தபோது நாங்கள் யாரும் கம்ப்யூட்டரைச் சந்தேகப்படவில்லை. எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு ஒரு நிட்டிங் யூனிட், நூலைப் பனியன் துணியாகப் பின்னுகிற பட்டறை, ஓடுகிறது. காலையில் மிஷின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும்போது மாடியில் டியூப் லைட் ஒருமுறை மங்கி எழும். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளியில் வீடே ஒரு நொடி செத்துப் பிழைக்கும். திருப்பூரில் எது நின்றாலும் பழி கரண்ட் லைன் மேல்தான். அண்ணன் ஸ்டெபிலைசர் வாங்கினார். பிறகு யூபிஎஸ் வாங்கினார். கம்ப்யூட்டர் தொடர்ந்து அணைந்துகொண்டுதான் இருந்தது.

அவருடைய வயிற்று வலியிலும் அப்படித்தான் நடந்தது. ஷிப்மென்ட் நெருங்கினால் டீயிலேயே பொழுதை ஓட்டுகிற ஊர் இது. வயிறு வலிக்கிறது என்றால் அல்சர் என்று பக்கத்து சீட்டுக்காரரே சொல்லி, தன் பையிலிருந்து மாத்திரையும் எடுத்துக் கொடுத்துவிடுவார். அண்ணன் பல மாதங்கள் அந்த மாத்திரையில் ஓட்டினார். ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் புற்று இருந்தது, ஈரலுக்கும் போயிருந்தது. டாக்டர் எதையும் மறைக்கவில்லை. அண்ணனை எதிரில் உட்கார வைத்து, குணமாக்க மருந்து இல்லை, நாட்களைக் கொஞ்சம் நீட்ட மருந்து உண்டு என்றார். அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஊட்ல இருந்துட்டு வேலை பாக்கலாங்களா?"

பார்க்கலாம் என்றார் டாக்டர்.

அண்ணனுக்கு டி-ஷர்ட் வடிவமைக்கும் வேலை. முன்பெல்லாம் தைத்த சாம்பிளை வெளிநாட்டுக்கு கூரியரில் அனுப்புவார்கள். இப்போது ஆர்டர் கொடுக்கிற பையர்கள் திரையிலேயே பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள்: துணி உடம்பில் எப்படி விழுகிறது, கை தூக்கினால் எங்கே சுருங்குகிறது, எல்லாம். அதற்காக ஸ்கேனுக்கு முன்பே புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டிருந்தார். அந்தக் கார்டு முழு மூச்சில் வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில்தான் கம்ப்யூட்டர் அணைகிறது என்பதை நான் கண்டுபிடித்தபோது அவருக்கு முதல் சுற்று மருந்து முடிந்திருந்தது.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். தையல் மிஷின்களின் கண்ட்ரோல் போர்டுகளைச் சோதித்து அனுப்புவது என் வேலை. கேபினட்டைத் திறந்து பார்த்தேன். எஸ்எம்பிஎஸ் பழையது, கேபினட்டோடு வந்தது. வீட்டுக் கரண்டை வாங்கி உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அதுதான். புதிய கார்டு கேட்பதை அதனால் கொடுக்க முடியவில்லை. லைன் மேல் தப்பே இல்லை.

வரிசை போட்டு எழுதினால்தான் எனக்கு மனம் நிற்கும். கார்டு முழு வேலையில் எவ்வளவு இழுக்கும், ஒரு கணம் துள்ளினால் எவ்வளவு. பிராசஸர் எவ்வளவு, மற்றவை எவ்வளவு. கார்டுக்குப் பொருத்தமான கேபிள் உண்டா. ஜெனரேட்டர் மாறும் அந்த நொடியைத் தாங்குமா. சத்தம் போடுமா, ஏனென்றால் அண்ணன் படுப்பதும் அதே அறைதான். எல்லாம் கூட்டி, கொஞ்சம் இடமும் விட்டுப் பார்த்தால் அறுநூற்றைம்பது வாட்ஸ் தாராளமாகப் போதும். நான் எண்ணூற்றைம்பதை வட்டமிட்டேன்.

கடைக்குத் தானும் வருவதாக அண்ணன் அடம்பிடித்தார். அது அவருக்கு நல்ல நாள். இட்லி சாப்பிட்டிருந்தார், அது வயிற்றிலும் தங்கியிருந்தது. தொப்பி போட்டுக்கொண்டு என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தார். சிறுவயதில் அவர் சைக்கிளில் நான் பிடித்துக்கொள்வதைப் போல என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடியில் கனமே இல்லை.

கடைக்காரர் பழக்கமானவர். "ஏனுங்ணா, ரொம்ப எளச்சுட்டீங்களாட்டம் இருக்குது?" என்றார்.

"ஷிப்மென்ட் டைமுங்க," என்றார் அண்ணன்.

அறுநூற்றைம்பது, எண்ணூற்றைம்பது என்று இரண்டு பெட்டிகளையும் மேசை மேல் வைத்தார் கடைக்காரர். அண்ணன் என் தாளை வாங்கிக் கூட்டலைச் சரிபார்த்தார். அவருக்கு விரல் நுனிகள் மரத்துப்போயிருந்ததால் தாள் இரண்டு முறை நழுவியது.

"ஏங்கண்ணு, உன்ற கணக்குப்படியே அறுநூத்தம்பது போதுமே."

"போதுங்ணா. ஆனா பெருசே இருக்கட்டும்."

அண்ணன் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "ஆயிரம் பீஸ் ஆர்டர்னா நாங்க ஆயிரத்தம்பது வெட்டுவோங்க. தையல்ல கொஞ்சம் போகும், பிரிண்டிங்ல கொஞ்சம் போகும், அதுக்குத்தான் எக்ஸஸ். இந்த அம்முணி ஆயிரத்து முந்நூறு வெட்டச் சொல்லுது. எங்க கம்பெனியா இருந்தா கட்டிங் மாஸ்டர் சீட்டு கிழிஞ்சிரும்."

"எக்ஸஸ் வீணாவா போகுது? மிஞ்சுனதத்தான ஊட்ல எல்லாரும் போட்டுட்டுத் திரியறோம்," என்றேன். உண்மை. அன்று நான் உடுத்தியிருந்ததும் ஏதோ ஒரு நாட்டின் பள்ளிக்கூடத்துக்குத் தைத்து மிஞ்சியது.

"செரி, இத எதுக்கு மிச்சம் பண்ற? சொல்லு."

அதற்கான பதிலை நான் வரிசையில் எழுதியிருக்கவில்லை. "அடுத்த வருசம் நீங்க இதவிடப் பெரிய கார்டு போடுவீங்கள்ல, அதுக்குங்ணா."

அவர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியில் அச்சடித்திருந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் தெரியாத கடைக்காரர் உற்சாகமாக உள்ளே நுழைந்தார். "தங்கச்சி சொல்றதுதானுங்ணா கரெக்ட்டு. பெருசுக்குப் பத்து வருசம் வாரண்டி வேற. எப்ப கெட்டுப்போனாலும் நீங்க கொண்டுவந்தாப் போதும், புதுசே தந்துருவோம்."

"பத்து வருசம் நீங்க கடைய வெச்சிருப்பீங்களா, அதச் சொல்லுங்க மொதல்ல," என்றார் அண்ணன். கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். பிறகு பெரிய பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். "எடுத்துக்கலாம் கண்ணு."

அந்தப் பெட்டி அவருக்குத் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது. அது புரிந்துதான் வாங்கினார்.

வீட்டுக்கு வந்து மாட்டி சுவிட்சைப் போட்டேன். திரை வந்தது. அண்ணன் கட்டிலிலிருந்து குனிந்து கேபினட்டின் பின்பக்கம் காதை வைத்தார். "ஓட்டமே இல்லயே. புதுசு கொண்டாந்த அன்னிக்கே போச்சாட்டம்!"

கீழே மிஷின் சத்தம் நின்றால் தூக்கத்திலும் எழுந்து உட்காரும் வீட்டுக்காரர்கள் நாங்கள். சத்தம் இல்லை என்றால் வேலை நின்றுவிட்டது என்றுதான் எங்களுக்குப் பொருள். "கெட்டுப்போகலீங்ணா. இதுக்குப் பாரம் கொறவா இருந்தா ஃபேன் சுத்தாது. பாரம் ஏறுனா தானாச் சுத்தும்."

"அப்ப ஏத்திப் பாப்போம்," என்று ஒரு சாம்பிளை ஓடவிட்டார். திரையில் முகமில்லாத ஓர் உடம்பு சாம்பல் நிற டி-ஷர்ட்டில் மெல்லத் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் ஃபேன் கிளம்பியது. அண்ணன் பின்னால் கையை நீட்டி வெதுவெதுப்பான காற்றை வாங்கிக்கொண்டார். மருந்து ஏறியதிலிருந்து அவர் கை எப்போதும் குளிர்ந்தே இருந்தது. அதன் பிறகு கம்ப்யூட்டர் ஒருமுறைகூடத் தானாக அணையவில்லை.

மழைக்காலம் முடியும்வரை வேலை பார்த்தார். நாற்காலியில் உட்கார முடியாதபோது மானிட்டரைக் கட்டில் பக்கம் திருப்பி வைத்தேன். கடைசி சாம்பிள் பையரிடம் தேறியது. அந்தச் செய்தி வந்தபோது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அண்ணி காதருகே சொன்னார். கேட்டதா என்று தெரியவில்லை.

இப்போது அந்தக் கம்ப்யூட்டரில் அண்ணி ஒரு கம்பெனிக்கு அளவு விவரங்களை டைப் செய்து கொடுக்கிறார். அதைவிடப் பெரிய கார்டு வாங்க யாரும் இல்லை. இருக்கிற கார்டுக்கே வேலை இல்லை.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் அண்ணியும் நானும் கேபினட்டைத் திறந்தோம். எங்கள் வீட்டில் எல்லா ஃபேன்களிலும் பஞ்சு ஏறும். கீழே என்ன நூல் ஓடுகிறதோ அந்த நிறத்தில். பிராசஸர் ஃபேனிலும் முன்பக்க ஃபேனிலும் மெத்தை போல ஏறியிருந்தது. மேலே வெள்ளை, அடியில் சாம்பல். அண்ணன் இருந்த மாதங்களில் கீழே ஓடியது சாம்பல் நூல். அவர் போன பிறகு வெள்ளை.

கடைசியாக எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றினேன். கம்பி வலைக்குள் ஃபேன் இறக்கைகளில் மெல்லிய பஞ்சு. சாம்பல் மட்டும். வெள்ளை ஒரு நார் இல்லை.

"இதுல மட்டும் ஏன் இத்தன கம்மி? கெட்டுப்போச்சா?" என்றார் அண்ணி.

"இல்லீங்க அண்ணி. நல்லாத்தான் இருக்குது. இதுக்கு வேலைதான் வரல."

அண்ணி குனிந்து வலையைப் பார்த்தார். அவருக்கும் நூலின் நிறம் தெரியும். கையில் இருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"அத அப்படியே மாட்டிருங்க," என்றார்.

மாட்டினேன்.