விசிலுக்குக் கட்டுப்பட்ட ஆச்சி

மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. குளிக்கத் தடை போட்டு, பெண்கள் பகுதியில் கயிறு கட்டி நான் காவலுக்கு நின்றிருந்தேன். அப்போதுதான் அப்பா போனில் கூப்பிட்டார். "ஏட்டி, ஆச்சி போயிட்டா" என்றார். காப்பியில் சீனி குறைவென்று அம்மாவை ஏசிவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லையாம். போகும்போதும் ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்தது.

என் அப்பாவைப் பெற்ற கோமதி ஆச்சியை மேலகரத்தில் தெரியாதவர்கள் இல்லை. இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேர் அவளிடம் ஏச்சு வாங்கியிருப்பீர்கள். மீதிப்பேர் சீசனுக்கு வந்து அவள் கையால் சாப்பிட்டிருப்பீர்கள். இரண்டும் கிடைத்த பாக்கியசாலிகள் நாங்கள்.

நான் போலீஸ் தேர்வுக்கு விண்ணப்பித்தது தெரிந்ததும் அப்பா குதித்தார். எங்கள் வீட்டு ஆண்களில் பாதிப்பேர் போலீஸும் பட்டாளமும்தான். "பொம்பளப்பிள்ளைக்குக் காக்கி எதுக்கு?" என்பது அவர் வாதம். ஆச்சி வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "ஏலே, இவ இப்பவே வீட்டுல எல்லாரையும் அதட்டுதா. சம்பளம் வாங்கிட்டு அதட்டட்டும்." மறுநாள் விடியும் முன்பே என்னை ஓட்டப் பயிற்சிக்கு எழுப்பிவிட்டாள். நாய் விரட்ட ஒரு கம்போடு மைதானத்துக்குக் கூடவே வந்து உட்கார்ந்து, "நீ ஓடுதியா, ஊர்கோலம் போறியா?" என்று கத்துவாள். தேர்வில் என்னை ஓட வைத்தது அந்தக் குரல்தான்.

வேலை கிடைத்து, முதல் சீசனிலேயே எனக்கு அருவியில் பணி போட்டார்கள். ஒருநாள் தண்ணீர் செம்மண் நிறத்தில் இரைந்து விழுந்தது. எல்லோரையும் வெளியேற்றிவிட்டு நிற்கிறேன், தலையில் நல்லெண்ணெய் வழிய, தோளில் துண்டோடு ஆச்சி வருகிறாள். எண்ணெய் வைத்துவிட்டால் அருவியில் நிற்காமல் வீடு திரும்பும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. கயிற்றைத் தூக்கிக் குனிந்தாள்.

"ஆச்சி, உள்ள போகக் கூடாது."

"நான் பொறந்ததுலேருந்து இங்கன குளிக்கேன். இந்தத் தண்ணிக்கு என்னத் தெரியும்."

"இன்னைக்கு அதுக்கு யாரையும் தெரியாது ஆச்சி."

"ஏட்டி, இந்தக் காக்கிய உனக்கு வாங்கித் தந்ததே நாந்தான்."

சுற்றி நின்ற கூட்டம் எங்களையே பார்த்தது. கிழவியை விட்டால் அத்தனை பேரும் உள்ளே இறங்குவார்கள். கண்ணை மூடிக்கொண்டு அவள் முகத்துக்கு நேராகவே விசிலை ஊதினேன்.

கண்ணைத் திறந்தால், ஆச்சி கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கூட்டத்தை அதட்டிக்கொண்டிருக்கிறாள். "போலீஸு சொல்லுதுல்லா? எங்கன பாத்துட்டு நிக்கிய? வெலகுங்க." என்னைவிட அவள் பேச்சுக்குத்தான் கூட்டம் பயந்தது. எண்ணெய்த் தலையோடு பஸ் ஏறிப் போனாள். வீட்டில் என்னிடம் இரண்டு நாள் முகங்கொடுக்கவில்லை. தெருவிலோ, "எம்பேத்தி என்னையே விடல" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாளாம்.

ஆச்சியின் அஸ்தியைச் சிற்றாற்றில் கரைத்துவிட்டு, தலைமுழுக எல்லோரும் அருவிக்குப் போனோம். தண்ணீர் இன்னும் வளைவைத் தாண்டித்தான் விழுந்தது. நான் விடுப்பில் இருந்தேன். என் இடத்தில் காவலுக்கு நின்ற தோழி சங்கடத்தோடு என்னைப் பார்த்தாள். சித்தப்பா கெஞ்சினார்: "அம்மைக்காக ஒரு முங்கு. நம்ம பிள்ள சொன்னா விட மாட்டாவளா?" எனக்கும் அவளுக்காக அந்தத் தண்ணீரில் நிற்க ஆசையாகத்தான் இருந்தது.

பதில் அப்பாவிடமிருந்து வந்தது. "நம்ம அம்மையவே விடாதவ, உன்ன விடுவாளா? வெலகுலே."

அழுதுகொண்டிருந்த சித்தப்பா சிரித்துவிட்டார். ஈரத் துணியோடு படியில் உட்கார்ந்தோம். சாயங்காலம் தண்ணீர் தணிந்தது, தோழி விசில் ஊதினாள், குளித்துவிட்டு வீடு போனோம்.

ஆச்சியின் நகைகளை அத்தைகள் பிரித்துக்கொண்டார்கள். அவள் அதட்டல் எனக்குத்தான் வருமென்று நினைத்திருந்தேன். அதில் பாதியை அப்பா எடுத்துக்கொண்டுவிட்டார். மீதியை வைத்துக்கொண்டு நாளை காலை அருவிக்குப் பணிக்குப் போகிறேன்.