அண்ணன் சுவாசித்த காற்று

அண்ணன் கிணற்றுக்குள் இறந்தபோது நான் மதுரையில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டதால் மேலே வைத்த எஞ்சினால் இழுக்க முடியவில்லை. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் சின்ன எஞ்சின் அது. அண்ணன் அதைக் கயிறு கட்டி இறக்கி, கிணற்றின் பாதி ஆழத்திலிருந்த பாறைத் திட்டில் உட்கார வைத்திருந்தான். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் அப்போது பலரும் அப்படித்தான் செய்தார்கள்.

மத்தியானம் எஞ்சின் தானாக நின்றுபோனது. மிளகாய்க்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த மதினி, "எஞ்சின் நின்னுபோச்சு, என்னன்னு பாருங்க" என்று குரல் கொடுத்தாள். இறங்கிய அண்ணன் ஏறி வரவில்லை. பக்கத்துப் புஞ்சைக்காரர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். பாதியிலேயே அவருக்குத் தலை சுற்றியது. மேலே நின்றவர்கள் இழுத்ததால் பிழைத்தார். அண்ணனை வெளியே எடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

அவன் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் யாரோ சொன்னார்கள், குடித்துவிட்டு இறங்கியிருக்கிறான் என்று. சர்ச் வாசலில்கூட அதைப் பேசினார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் சாராயம் தொட்டதில்லை. ஆனாலும் மதினி யாரோடும் வாதாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கடைசி ஆளாக வந்து, ஜெபம் முடிந்ததும் முதல் ஆளாகப் போய்விடுவாள்.

சில வருஷங்கள் கழித்து, சென்னையில் ஓர் எஞ்சின் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். எஞ்சினின் புகைக்குழாயில் இரண்டு பக்கமும் கண்ணாடி போன்ற சன்னல்கள் வைத்து, ஒரு பக்கமிருந்து லேசர் ஒளியைச் செலுத்துவோம். அது கண்ணுக்குத் தெரியாத ஒளி. ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று உள்ள நிறத்தை, அதாவது அலைநீளத்தை, மட்டும் அந்த ஒளியிலிருந்து விழுங்கிக்கொள்ளும். மறுபக்கம் வந்து சேரும் ஒளியில் எது குறைகிறது, எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் உள்ளே என்ன வாயு, எவ்வளவு என்று தெரியும். அப்படிப்பட்ட இரண்டு நிறங்களை ஒப்பிட்டால் அதன் சூடும் தெரியும். எங்கள் லேசர் கார்பன் மோனாக்சைடுக்கானது. சேர்ந்த முதல் வாரமே அந்த வாயு ரத்தத்தில் கலந்தால் என்ன செய்யும் என்று படித்தேன். தோல் சிவக்கும் என்று அதில் இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன்.

பேராசிரியரிடம் அண்ணனைப் பற்றிச் சொல்லி, ஒரு மண்ணெண்ணெய் எஞ்சினை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "செய்யுங்கள்" என்றார்.

எஞ்சினுக்கு நல்ல காற்று கிடைத்தபோதே வந்து சேரும் ஒளியைத் தாளில் கோடாக வரையும் பேனா பள்ளமாகத்தான் இறங்கியது. பிறகு, கிணற்றுக்குள் நடப்பதுபோல, அதன் புகையையே அதற்குத் திரும்பக் கொடுத்தோம். பள்ளம் ஆழமாகிக்கொண்டே போனது. கடைசியில் எஞ்சின் திணறி, தானாக நின்றது. அந்தச் சத்தம் அடங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் என்னைத் தடுக்கவில்லை.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போய் மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப மொகம் செவந்தது அதனாலதானா?"

"ஆமா மதினி. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. இருக்குன்னே அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்காது."

"வலிச்சிருக்குமா அவுகளுக்கு?"

"தல வலிச்சிருக்கும். கால் தளந்திருக்கும். அப்புறம் நெனவு போயிருக்கும்."

"நான் பாருங்கன்னு சொல்லலன்னா எறங்கியிருக்க மாட்டாகள்ல?" என்றாள்.

அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அந்த நேரத்துல எறங்கியிருக்க மாட்டாக. ஆனா இது நம்ம யாருக்கும் தெரியாது மதினி. தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லியிருப்பீகளா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். மதினி போகவில்லை. வாசலில் நின்றுகொண்டு, கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எங்க வீட்டுக்காரவுக குடிக்கல. எஞ்சின் பொகைதான் அவுகளக் கொன்னுச்சு. இப்பவும் கெணத்துக்குள்ள எஞ்சின் வச்சிருக்கவுக இருக்கீக. நின்னுபோச்சுன்னு ஒடனே எறங்காதீக."

அண்ணனைத் தேடி இறங்கிப் பிழைத்த புஞ்சைக்காரரும் அங்கே வந்திருந்தார். அவர் ஊருக்கு மூத்தவர். மதினியின் முன்னால் வந்து கைகூப்பினார். "அன்னைக்கு எனக்கும் தல சுத்துச்சு தாயி. குடிக்காத எனக்கு ஏன் சுத்துச்சுன்னு ஒருத்தனும் கேக்கல. நானும் சொல்லல" என்றார்.

மறுவாரம் அவர் அருப்புக்கோட்டையிலிருந்து இரும்புக் குழாய் வாங்கிவந்து, தன் எஞ்சினின் புகை கிணற்றுக்கு மேலே போகும்படி மாட்டினார். இன்னும் இரண்டு பேர் அவரைப் பார்த்து மாட்டினார்கள். மற்றவர்கள் மாட்டவில்லை. அவர்களுடைய புஞ்சைகளுக்கெல்லாம் மதினி ஒவ்வொன்றாக நடந்துபோய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள்.