திருச்சிக்கு நான்கு மணி நேரம்

ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிய பின்னும் ஆசிரியரை விட்டு நீங்காத நோய் ஒன்றுண்டு: யார் எதைக் கேட்டாலும் உடனே விடை சொல்லிவிடுவது. சுண்ணக்கட்டி பிடித்துக் கை வெளுத்த அன்பர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

கேட்ட கேள்வி

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் முனியம்மா, தம் மகளுக்கு நான் கணக்குக் கற்பித்தவன் என்ற உரிமையில் மலையூரான தானா ராத்தாவிலுள்ள என் வீட்டுக்கு வந்தார். திருச்சியில் அவருடைய அண்ணன் மருத்துவமனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். விசா வந்துவிட்டது, மறுநாள் மாலை ஆறு மணி விமானத்துக்கு மகள் சீட்டும் எடுத்துவிட்டாள். விமானம் எவ்வளவு நேரம் பறக்கும் என்று கேட்டார். கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரம் என்றேன். அவர் முகம் தெளிந்தது.

"அவ்வளவுதானா சார்? அப்ப அண்ணன் கண்ண மூடுறதுக்குள்ள பாத்துடுவேன்."

கேளாத கணக்கு

விடியற்காலையிலேயே மலையிறங்க அவர் எண்ணியிருந்தார். நானோ தாளை எடுத்தேன். விமான நிலையம் இருநூற்றைம்பது கிலோமீட்டர்; மணிக்கு எண்பது வீதம் வகுத்தால் மூன்று மணி ஏழு நிமிடம். நண்பகலில் புறப்பட்டாலே போதும், அங்கே போய் வீணாக உட்கார வேண்டாம் என்றேன். அந்த மலைச்சாலையில் முப்பது ஆண்டுகள் போய்வந்தவன்தான் நான். அன்று பாடநூலையே நம்பினேன். வாடகைக் கார் ஓட்டும் பக்கத்து வீட்டுப் பாலன் மட்டும் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"ஸ்கூல் லீவு சார், காலையிலேயே கெளம்பலாம் லா. உங்க கணக்குல லோரி வராது, ரோட்டுல வரும்."

ரிங்லெட் வளைவில்

லோரி வந்தது. என் கணக்குப்படி நண்பகலில்தான் பாலனின் காரில் புறப்பட்டிருந்தோம். முட்டைக்கோசு ஏற்றிய அது ரிங்லெட் வளைவில் பழுதாகி நிற்க, அதன்பின் சுற்றுலாக் கார்கள் வரிசை பிடித்தன. முனியம்மா பயணக் கடப்பிதழை நெகிழிப் பையோடு மார்பில் அணைத்துக்கொண்டிருந்தார். துணைக்கு வந்த நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் சட்டைக்கையால் மறைப்பதுமாக இருந்தேன். பாலன் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார்.

"இப்ப மணிக்கு எத்தனை கிலோமீட்டர்ல போறோம், சொல்லுங்க சார்."

ஐந்து இருபது

விமான நிலையத்தில், ஐந்து மணிக்கே மூடிவிட்ட பயணப் பதிவு முகப்பின் முன் ஐந்து இருபதுக்குப் போய் நின்றோம். நான் கெஞ்சினேன், நாற்பதாண்டுகளாக என்னிடம் கெஞ்சியவர்களையே பார்த்தவன் நான். அங்கிருந்த தமிழ்ப்பெண்ணுக்கும் வருத்தந்தான்.

"ப்ளேன் இன்னும் நிக்குது ஐயா. ஆனா ஏத்த முடியாது."

திரும்பி வந்தபின்

மறுநாள் காலை விமானத்தில் இடம் கிடைத்தது. முனியம்மா அதில் ஏறுவதற்குச் சற்று முன்னரே அண்ணனின் உயிர் பிரிந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து அவர் என் வீட்டு வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்பதற்குரிய வாக்கியங்களை நான் ஒழுங்காக அமைத்தே வைத்திருந்தேன். முதல் வாக்கியம் முடியுமுன் கையமர்த்தினார்.

"உங்க கணக்கு சரிதான் சார், ரோடுதான் மோசம் பண்ணிடுச்சு. பேத்திக்கு வகுத்தல் வரமாட்டேங்குது, அனுப்பட்டுமா?"

அன்பர்களே, பிழை செய்த ஆசிரியருக்கு இதைவிடக் கடுமையான தண்டனையை எந்தக் கல்வி அதிகாரியும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.