மினுங்காத முகம்

வாசல் கேற்றில்தான் இடிபட்டேன். கச்சான் காற்று பலமாக வீசிய ஒரு பின்னேரம், கலியாணத்துக்கு ஆட்கள் உட்காரக் கதிரைகள் இறக்க வந்த லொறியை அனுப்பிவிட்டுத் திரும்பியபோது, கொளுக்கி போடாத இரும்புக் கேற் என் இடது கண்ணுக்குக் கீழே அறைந்தது. ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடி வந்த உம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான்:

“யார்டா அடிச்ச?”

“கேற்றும்மா.”

“எனக்கிட்டயுமா மனே பொய்?”

பெற்றவளே நம்பாத கதையை வேறு யாரிடம் சொல்வது? விடிந்தபோது கண்ணடி கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் எனக்கு நிக்காஹ்.

எனக்குப் பெண் தரவிருந்தவர் கல்முனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். மகளுக்கு முதலில் பேசிய மாப்பிள்ளையைப் பந்தல் போட்ட பிறகு வேண்டாமென்று விட்டவர். அந்தப் பையன் ஐஸ் என்கிற போதைத்தூள் பாவிக்கிற கூட்டத்தோடு திரிகிறான் என்று யாரோ சொல்ல, நேரே போய் அவன் முகத்தைப் பார்த்தாராம். முகத்தில் அடிபட்ட காயம் இருந்ததாம். பெண்ணுக்கு வீட்டை எழுதிக்கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்குள் எடுப்பதுதான் எங்கள் பக்கத்து வழமை. “வீட்டக் குடுக்கிற நாங்க, உள்ளுக்கு வாறவன் ஆரெண்டு பாக்கத்தானே வேணும்” என்று கலியாணம் பேச வந்த அன்றே சொல்லியிருந்தார்.

என்னிடம் அவர் பார்த்தது படிப்பை மட்டும்தான். வாப்பா நெல் மில்லில் மூட்டை தூக்கியவர். ராத்தா, என் மூத்த சகோதரி, ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இப்போது பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். ‘ஒழுக்கமான பொடியன்’ என்ற பெயர் ஒன்றுதான் என் கையிருப்பு. அந்தப் பெண்ணோடு உம்மாவின் போனில் ஓரிரு தடவை கதைத்திருந்தேன். அவளுடைய சிரிப்பு காதுக்குள் நின்றுவிட்டது. அவளை இழந்துவிடக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை ஓடவில்லை.

ராத்தா வீட்டிலிருந்தே மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்பவள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“உளு எடுத்திட்டியா?”

எடுத்திருந்தேன். தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுகிற அந்தச் சுத்தம் நிக்காஹ் வரைக்கும் முறியாமல் இருக்க வேண்டும். களிம்பும் பவுடரும் பூசிய முகத்தில் தண்ணீர் தோலைத் தொடாது. பூச்சுக்கு மேலே கழுவினால் உளு செல்லாது. முதலில் உளு, பிறகு பூச்சு, அதே உளுவோடு பள்ளிவாசல். இதுதான் எங்கள் திட்டம்.

“இஞ்சால கிறுகு. அசையாம இரி” என்று என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

கண்ணடியில் முதலில் செம்மஞ்சள் களிம்பு. அதற்கு மேல் என் நிறத்தில் கலந்த பவுண்டேஷன். ஈர ஸ்பொஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். கத்தரிக்காய் நிறம் கண்முன்னே மறைந்தது. எனக்கு மூச்சு வந்தது. ராத்தாவுக்கு வரவில்லை.

“மினுங்குது.”

கண்ணாடியில் பார்த்தேன். கண்ணடி எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது.

“இது பொண்ணுகளுக்கு வாங்கின சாமான்டா. அவங்களுக்கு மினுங்கத்தான் வேணும். நீ மினுங்கினா மாட்டுப்படுவாய்.”

லூஸ் பவுடர் டப்பியைத் திறந்து மூடியில் கொஞ்சம் தட்டினாள். பஞ்சுப் பஃபை அதில் தோய்த்து, இரண்டாக மடித்துக் கசக்கி, மிஞ்சியதை உதறினாள். கண்ணடியில் தேய்க்காமல் அமத்தி அமத்தி எடுத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டு, பெரிய பிரஷ்ஷால் தூசு தட்டுவதுபோல் தட்டினாள். பளபளப்பு செத்துவிட்டது. வெறும் தோல்போல் இருந்தது. ஆனால் அந்த இடம் மட்டும்தான். சுற்றியிருந்த நெற்றியும் மூக்கும் கச்சான் வெக்கையில் வியர்த்து வழிந்தன. எண்ணெய்க்குள் ஒரு காய்ந்த திட்டு.

“இது இன்னம் மோசம்” என்றேன்.

“வாய மூடு. முகம் முழுக்கப் போடணும்.”

முகம் முழுக்கப் போட்டாள். தாடியில் பவுடர் ஒட்டி நரைத்தது. வாசலில் நின்ற மச்சான், ராத்தாவின் கணவர், விழுந்து விழுந்து சிரித்தார்.

“அடேய், நிக்காஹ் முடியிறதுக்குள்ளயே கெழவனாகிட்டியே! பொண்ணு வீட்டாக்கள் வாப்பாவையும் மகனையும் மாறி எடுத்திரப் போறாங்க.”

“நீங்க அங்கால போங்க” என்று ராத்தா சீறினாள். ஈரத்துணியின் நுனியால் தாடியை மயிர் மயிராகத் துடைத்தாள். பிறகு என்னை முற்றத்து வெயிலில் நிறுத்தி, தள்ளிப் போய் நின்று பார்த்தாள்.

“தெரியல்ல. ஆனா கை வைக்காத. சிரிக்காத. வேர்த்தா ஒத்து, தேய்க்காத.”

காரில் போகும்போது முகம் என்னுடையதாக இல்லை. பொய் சொல்லவில்லை, ஒரு உண்மையைச் சொல்லாமல் விடுகிறேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே படிப்பித்துக்கொண்டு போனேன்.

பள்ளிவாசலில் மாமா, பெண்ணின் வாப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடத் தொடங்கியிருந்தேன், உளு எடுக்கிற தண்ணீர்த் தொட்டியடியில் நின்றார். ஸலாம் சொன்னேன். பதில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நெற்றி, மூக்கு, இரண்டு கண்ணடிகள். பார்வையை எடுக்கவில்லை. வழமையாகக் கட்டியணைக்கிறவர் அன்று கையைக்கூட நீட்டவில்லை.

அந்த நேரத்தில்தான் வயிறு உருண்டது. மத்தியானம் உம்மா ஊட்டாத குறையாகத் தந்த புரியாணியும் அதற்கு மேல் குடித்த சோடாவும். அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. சத்தமில்லாமல் காற்றுப் பிரிந்து உளு முறிந்தது.

என்னையும் படைத்தவனையும் தவிர யாருக்கும் தெரியாது. உள்ளே ஸப்பில், தொழுகை வரிசையில், போய் நின்றால் தொழுகை முடியும், நிக்காஹ் முடியும், அவள் எனக்குக் கிடைப்பாள். உளு இல்லாமல் ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைக்கக் குனிகிற என் தலையை நினைத்துப் பார்த்தேன்.

தொட்டியடியில் குந்தினேன். முதல் கை தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. ராத்தா அவ்வளவு நன்றாக அமத்தியிருந்தாள். தேய்த்தேன். தோல் நிறத்தில் பால்போல் ஒன்று கரைந்து வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் வடிந்தது. மறுபடியும் தேய்த்தேன். கண்ணடி விண் விண் என்று வலித்தது. நிமிர்ந்தபோது மாமா பக்கத்தில் நின்றார்.

“காதடியிலயும் இரிக்கி. வடிவாக் கழுவுங்க.”

கழுவினேன். எழுந்து நின்று, மறைக்க எதுவுமில்லாத முகத்தோடு சொன்னேன்:

“கேற்றுல இடிபட்டன் மாமா.”

“எந்தப் பக்கம் தொறக்கிற கேற்?”

“வெளிப்பக்கம். ரோட்டுக்கு.”

“கொளுக்கி?”

“போடல்ல. கச்சான் காத்துக்குத் திருப்பி அடிச்ச.”

இரும்புக் கடைக்காரர் குனிந்து காயத்தைப் பார்த்தார். கண்ணடியில் கேற்றுக் கம்பியின் அகலத்துக்கு நேராக ஒரு கோடு விழுந்திருந்தது. அதை விரலால் தொடாமல் அளந்தார்.

“காலையிலயே எனக்குச் சொல்லிட்டாங்க, மாப்பிள்ளைக்குக் கண்ணடி வீங்கியிரிக்காம் எண்டு. அது எனக்குப் பெரிய காரியமில்ல, கேட்டா ஒரு பதில் வரும்தானே எண்டு இரிந்தன். ஒண்டுமில்லாத முகத்தோட நீங்க கார்ல இரிந்து எறங்கக்குள்ளதான் மனே எனக்குப் பயம் வந்த.”

அவருடைய பார்வை என் கைமடிப்புக்கு இறங்கியது.

“ஆரு பூசின?”

“ராத்தா.”

“நல்லாத்தான் பூசியிரிக்கா” என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. உள்ளே தொழுகைக்கு எழச் சொல்லும் இகாமத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அவர் எனக்கு முன்னால் நடந்தார். சம்மதமா இல்லையா என்று சொல்லவில்லை.

தொழுகை முடிந்து எதிரெதிராக உட்காரவைத்தார்கள். சபை முழுதும் என் கண்ணையே பார்த்தது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்புள்ள ‘வலி’யாகிய அவர் என் கையைப் பிடித்து, சொல்ல வேண்டிய வாசகத்தைச் சொல்ல வேண்டும். கை என் முன்னால் நீண்டது. பிடித்தேன். ஈரம் காயாத என் கைமடிப்பிலிருந்து ராத்தாவின் பூச்சு அவருடைய மணிக்கட்டில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தார். பெருவிரலால் ஒருமுறை தேய்த்துவிட்டார். பிறகு என் கையை வலிக்கும்படி இறுக்கிக்கொண்டு, நிக்காஹைப் பதிய வந்திருந்த பதிவாளரின் பக்கம் திரும்பினார்.

“தொடங்குங்க.”