செவ்வாப்பேட்டைக்குத் திரும்பிய சவரக்கத்தி

பழைய சவரக்கத்திகளைச் சேர்த்து, செய்தவர் யார், விற்றவர் யார் என்று தேடித் திரிவது என் பைத்தியம். 1971-ல் திருவள்ளூர் பழைய சாமான் கடையில் ஜெர்மன் முத்திரை போட்ட கத்தி ஒன்று கிடைத்தது. செவ்வாப்பேட்டை அம்மாள் ஒருவர் விற்றதாம். முத்திரையைக் காட்டி விசாரிக்கலாமென்று கத்தியோடே போனேன்.

வீட்டுத் திண்ணையில் அவர் கணவர் இருந்தார். நான் நீட்டிய கத்தியை வாங்கி விரித்தார். அப்போதுதான் அவர் கழுத்தில் நீளமான தழும்பைப் பார்த்தேன்.

உள்ளேயிருந்து ஓடிவந்த அம்மாள் வெறுங்கையால் அலகைப் பற்றிப் பிடுங்கினார். விரல்களில் ரத்தம் கொட்டியது.

"ஊட்ல இருக்கக் கூடாதுன்னுதானே வித்தேன்! இன்னாத்துக்குய்யா திரும்ப எட்த்துக்கினு வந்தே?"

இப்போதெல்லாம் முத்திரையைத் தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டுதான் விசாரிக்கப் போகிறேன். அந்தக் கத்தியைச் செய்தவர் யாரென்று மட்டும் இன்றுவரை தேடவில்லை.