எட்டுக்கு மேல் உட்காராது

நூற்றுக்கு முப்பத்து நான்கு. வேதியியலில் தேர்ச்சி பெற முப்பத்தைந்து வேண்டும்.

தன் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தவருக்கு வயது நாற்பத்தொன்று. பள்ளி ஆய்வகத்தில் பதினாறு ஆண்டுகளாகக் கண்ணாடிக் குடுவைகள் கழுவுகிறார். பிள்ளைகளுக்கு ‘குடுவை அக்கா’. அங்கேயே உதவியாளர் வேலை காலி. பள்ளி இறுதித் தேர்வில் தேறியிருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

விடைத்தாள் நகல் வாங்கினார். பொட்டாசியத்தின் பத்தொன்பது எலக்ட்ரான்களை 2, 8, 8, 1 என்று கூடுகளில் அடுக்கியிருந்தார். அதன்மேல் சிவப்புக் கோடு. விடைக்குறிப்பில் 2, 8, 9.

“ஒரு மார்க்குக்கு ஊரையே கூட்டுறியே” என்றார் தையற்காரக் கணவர்.

“ஒத்தை எலக்ட்ரானுக்குப் பொட்டாசியம் அந்த ஆட்டம் ஆடுது. நான் ஆடக்கூடாதா?”

செவ்வாயன்று தேர்வு அலுவலகம். அதிகாரி நிமிரவில்லை. “மூணாவது கூட்டுல பதினெட்டு பிடிக்கும்மா. ஒன்பது தாராளமா உட்காரும்.”

“பிடிக்கும் சார். ஆனா அது வெளிக்கூடா இருக்கிற வரைக்கும் எட்டுக்கு மேல உட்காராது. பத்தொன்பதாவது நாலாவது கூட்டுக்குத்தான் போகும்.”

“யார் சொன்னது?”

“உங்க புத்தகம் சொல்லுது. என் அலமாரியும் சொல்லுது. சோடியம் 2, 8, 1. பொட்டாசியம் 2, 8, 8, 1. ரெண்டுக்கும் வெளியில ஒண்ணே ஒண்ணு. அதான் ரெண்டையும் மண்ணெண்ணெயில முக்கி வெச்சிருக்கேன். தண்ணி பட்டா அந்த ஒண்ணைத் தள்ளிவிட்டுட்டுத்தான் மறுவேலை.” மணிக்கட்டை நீட்டினார். பழைய தீக்காயம். “ஈரத் தொட்டியில பொட்டாசியத் துண்டு ஒண்ணு தவறி விழுந்துச்சு. ஊதா நிறத்துல எரிஞ்சுது.”

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “சரிம்மா, கருணை மார்க் ஒண்ணு போட்டுடறேன். பாஸ். வீட்டுக்குப் போங்க.”

கேட்டு வந்தது கையில் விழுந்துவிட்டது. குடுவை அக்கா நகரவில்லை.

“கருணை வேண்டாம் சார். சரியா எழுதினதுக்கு மார்க் போடுங்க. எனக்கு மட்டும் இல்ல, எழுதின எல்லாருக்கும்.”

“முடியாதுன்னா?”

“நாளைக்கும் வருவேன். புத்தகத்தோட.”

“இன்னைக்கே இருக்கும்மா!” பின்னால் ஒருவர் பையிலிருந்து பாடப்புத்தகத்தை எடுத்து நீட்டினார். அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். இரண்டு முறை படித்தார். பேனாவை மூடினார்.

விடைக்குறிப்பு அன்று மாலையே மாற்றப்பட்டது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லா வேதியியல் தாள்களிலும் அந்தக் கேள்வி மறுபடி திருத்தப்படுகிறது.