இடப்பக்க இருக்கை

என் மச்சினிச்சி மாயா விமானம் ஓட்டுகிறவள். மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய எங்கள் ஸ்கெலட்டன் பகுதியில் தெருவே அவளைக் கேப்டன் என்றுதான் கூப்பிடும். அவள் கேப்டன் இல்லை, வலப்பக்கம் உட்காரும் துணை விமானி. அதை எடுத்துச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இடப்பக்க இருக்கை, அதாவது கேப்டன் இருக்கை, அவளுக்கு வேண்டும். பதவி ஆசை என்று நானும் கேலி செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் சொன்னாள். அவள் ஓட்டுவது இறக்கையில் காற்றாடி சுழலும் சின்ன விமானம். பெங்களூரிலிருந்து சென்னை போகும்போது நம் ஊர் வலப்பக்கம், அவள் ஜன்னலில் வரும். தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைடு மேடுகள் வெளுப்பாகத் தெரியும். திரும்பி வரும்போது ஊர் கேப்டன் பக்கம் போய்விடும்.

"போவும்போதுதான் மாமா நம்ம ஊரு எனக்குத் தெரியுது. வரும்போது அது வேற யாருக்கோ தெரியுது" என்றாள்.

அதற்குப் பிறகு கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை.

போன வருடம் கேப்டன் தேர்வு வந்தது. தேர்வு சிமுலேட்டரில், அதாவது விமானத்தைப் போலவே ஆடி அசையும் ஒரு பொம்மை அறையில். வேகம் குறைந்து, விமானத்தைத் தாங்க முடியாமல் இறக்கை சோரப்போகிறது என்றால், கையில் பிடித்திருக்கும் ஸ்டிக் கிடுகிடுவென்று நடுங்கி எச்சரிக்கும். நடுங்கிய நொடியே அதை முன்னால் தள்ளி மூக்கைத் தாழ்த்த வேண்டும். மாயா இதை எத்தனையோ முறை செய்தவள். ஆனால் அப்போதெல்லாம் வாத்தியார் முன்கூட்டியே "இதோ வரப்போகுது" என்று சொல்லிவிடுவார். இந்த முறை சொல்லவில்லை. மேகத்துக்குள் வேறு ஒரு கோளாறைக் கொடுத்து, அதில் அவள் கவனம் போயிருந்தபோது ஸ்டிக்கை நடுங்கவைத்தார்கள்.

மாயா தள்ளவில்லை. கெட்டியாகப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். சுதாரிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது.

அவளோடு தேர்வுக்குப் போன விநாயக், முதன்முதலில் இன்ஜின் இல்லாத, மூக்கைத் தாழ்த்தினால்தான் வேகம் கிடைக்கும் கிளைடரில் பறக்கக் கற்றவன். அவனுக்கு நடுக்கம் வந்ததும் யோசிக்கும் முன்பே கை முன்னால் போய்விட்டதாம். தேர்வு வைத்தவர் மாயாவிடம் கோபப்படவில்லை. பழக்கம் எங்கே தொடங்கியதோ அங்கேதான் கை ஓடும், நீ எதற்காகவோ காத்திருந்தாய், எதற்கு என்று கண்டுபிடித்துவிட்டு வா என்று ஒரு தவணை கொடுத்து அனுப்பினார்.

ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்கு வந்தாள். சரியாகச் சாப்பிடவில்லை. எதற்குக் காத்திருந்தேன் என்று தனக்கே தெரியவில்லை என்றாள். என் மனைவி ஓவியா தங்கையைத் தேற்றிப் பார்த்து ஓய்ந்துபோனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சமையலறையில் இருந்தார்கள்: மாமியார் நாகம்மா, ஓவியா, மாயா. தூரத்துக் கல்குவாரியில் வெடி வைத்தார்கள். தரை அதிர்ந்தது, அலமாரியில் பாத்திரங்கள் கலகலத்தன. நான் பக்கத்து ஊர் பேத்தமங்களாக்காரன், சுரங்கம் இல்லாத ஏரிக்கரையில் வளர்ந்தவன். தரை ஆடினால் வாசலுக்கு ஓடுவேன். ஓடிப்போய் நின்று திரும்பிப் பார்த்தேன். மூன்று பேரும் பேச்சைப் பாதியில் நிறுத்தி, ஒரு கையை அலமாரிமேல் வைத்து, தலையைச் சாய்த்து, கல்லாட்டம் நின்றிருந்தார்கள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்கள்.

"இன்னா மூணு பேரும் சிலையா நிக்கிறீங்க?" என்றேன்.

ஓவியாவுக்கு நான் கேட்டதே புரியவில்லை. மாயா மட்டும் அலமாரிமேல் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஸ்டிக்கயும் இப்டித்தான் மாமா புடிச்சினு இருந்தேன்" என்றாள்.

மாமியார்தான் விளக்கினார். சுரங்கம் ஓடிய காலத்தில் அடியில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். மேலே வீடுகள் ஆடும். பாத்திரம் விழாமல் பிடித்துக்கொண்டு, சுரங்கத்தில் விபத்துச் சங்கு ஊதுகிறதா என்று காது கொடுப்பார்கள். ஊதினால், ஆட்கள் இறங்கி ஏறும் ஷாஃப்டுக்கு ஓடவேண்டும்.

"ஊதலன்னா உங்க மாமா ஷிஃப்ட் முடிஞ்சி வந்துடுவாருன்னு அர்த்தம்" என்றார்.

மாமனார் ஆறுமுகம் ஒவ்வொரு முறையும் வந்துவிட்டார். சுரங்கத்தை மூடிய பிறகு, வீட்டுக் கட்டிலில் நெஞ்சு நோயில்தான் போனார். சங்கும் ஓய்ந்துவிட்டது. ஆனால் இந்த வீட்டில் இன்னும் காது கொடுக்கிறார்கள்.

அன்றிலிருந்து ஒரு கூத்து நடந்தது. மாயா எதிர்பாராத நேரத்தில் நான் போய் அலமாரியை உலுக்குவேன். கையில் கரண்டியோ சீப்போ எது இருந்தாலும் அவள் அதை முன்னால் தள்ளவேண்டும். என் மாமியார் முதலில் பாத்திரம் நசுங்குகிறது என்று திட்டினார். மூன்றாம் நாள் பார்த்தால் அவரே உலுக்குகிறார், என்னைவிடப் பலமாக. கம்பெனியும் சிமுலேட்டரில், இந்த முறை முன்கூட்டிச் சொல்லாமலே, கூடுதல் பயிற்சி கொடுத்தது. எல்லாம் என் அலமாரி வித்தைதான் என்று நான் பீற்றிக்கொண்டால் ஓவியாவே சிரிப்பாள்.

மறுதேர்வில் ஸ்டிக் நடுங்கியதும் மாயாவின் கை முன்னால் போய்விட்டது. இடப்பக்க இருக்கை கிடைத்தது. முதல் தடவை சென்னையிலிருந்து திரும்பும்போது ஊர் அவள் ஜன்னலில் வந்ததாம். போனில் அதை இரண்டு முறை சொன்னாள். ஸ்கெலட்டன் தெரு அவளைக் கேப்டன் என்று கூப்பிடுவதும் இனி தப்பில்லை.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது மறுபடியும் குவாரி வெடி. மாமியாரும் ஓவியாவும் அலமாரியைப் பிடித்து, தலையைச் சாய்த்து நின்றார்கள். மாயாவின் கையில் டீ டம்ளர் இருந்தது. அது தானாக முன்னால் போய், டீ முழுவதும் என் சட்டையில் கொட்டியது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"அம்மா, நான் காதே குடுக்கலியே. அப்பா ஞாபகமே வரலியே."

மாமியார் அலமாரியிலிருந்து கையை எடுக்கவில்லை. அதிர்வு முழுதாக அடங்கும்வரை நின்றார். பிறகு மகளைப் பார்த்தார்.

"நீ உன் வேலைய பாருடி. காது குடுக்க நாங்க கீறோம்."

மாயா எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். ஓவியா இன்னொரு டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்தாள்.